பழைய 4 வீல் ஜீப்பில் உர மூட்டை: மலைப்பாதைக்கு எத்தனை ஏத்தலாம்?

வெள்ளாமைக்காரன்:
வண்டி 1990கள்ல வந்த மஹிந்திரா ஜீப், 4 வீல். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், டயர் 215/75 ஆர்15. கொல்லிமலை அடிவாரம் காரவள்ளியில இருந்து மேல செம்மேட்டுக்கு 45 கிலோ யூரியா மூட்டை 12 ஏத்தணும். இறங்கும்போது காப்பியும் மிளகும் வரும். ஆர்.சி.யில் காலி எடை 1,390, சுமையோட சேர்த்து அனுமதிச்ச மொத்த எடை 2,000. கழிச்சா 610 கிலோ வருது, 12 மூட்டை 540 தானே? ஆனா ஏத்தினா பின்பக்கம் நல்லா உட்காருது, ஒரு பட்டை கூடுதலா போடச் சொல்றாங்க. இறக்கத்துல பாதி வழிக்கு மேல கருகின வாடை, பிரேக் பெடலும் கீழ போகுது. பிரேக் லைனர் புதுசுதான்.

பட்டறை மணி:
கணக்கு சரி, ஆனா ஆர்.சி. எடை வண்டி பதிவான அன்னைக்கு இருந்த எடைங்க. அதுக்கப்புறம் இரும்புக் கூரை, கேரியர், கனமான பம்பர், கூடுதல் ஸ்டெப்னின்னு ஏறியிருக்கும். டேங்கை நிரப்பிக்கிட்டு எடை மேடைக்குப் போங்க. முழு வண்டி ஒரு தடவை, முன் சக்கரம் மட்டும் ஒரு தடவை, பின் சக்கரம் மட்டும் ஒரு தடவை. அந்த மூணு எண்ணையும் டேஷ்போர்டுல எழுதி ஒட்டுங்க.

உதாரணத்துக்கு, போட்ட இரும்பு 100 கிலோன்னு வைங்க. டிரைவரும் கூட வர்ற ஆளும் 140. மிச்சம் 370. அதாவது 8 மூட்டை, 360 கிலோ. 12 ஏத்தினா 170 கிலோ கூடுதல். ரெண்டு நடையா போங்க.

பின்பக்கம் உட்கார்றதுக்கு எடை மட்டும் காரணமில்ல, அது இருக்கிற இடமும்தான். ஜீப்புல முன், பின் ஆக்ஸில் இடைவெளி 2.3 மீட்டர்னு எடுத்துக்கங்க. பின் ஆக்ஸிலுக்கு 70 சென்டிமீட்டர் பின்னால, டெயில்கேட் ஓரமா 100 கிலோ வச்சா, பின் ஆக்ஸில் மேல 130 கிலோ விழுது, முன் சக்கரத்துல இருந்து 30 கிலோ தூக்குது. ஏத்தத்துல கொண்டை ஊசி திரும்புறப்ப ஸ்டீயரிங் லேசாகிறது இதனாலதான். மூட்டையை முன் சீட்டு முதுகை ஒட்டி, தரையோட தரையா, படுக்க வச்சு அடுக்குங்க. கூரை கேரியர்ல தார்ப்பாயைத் தவிர வேற எதுவும் வேண்டாம்.

கூடுதல் பட்டை போட்டா வண்டி உயரும், தாங்குற எடை உயராது. பட்டை வாங்காத அடியை பட்டையை சேஸிஸ்ல மாட்டுற ஷாக்கிள், ஹேங்கர், அப்புறம் ஆக்ஸில் வாங்கும். காலியா ஓட்டினா பின் சக்கரம் துள்ளி பிரேக் பிடிக்காது. பின் ஹப்போட நடுவுல போல்ட் போட்ட ஃபிளேஞ்ச் வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா ஃபுல் ஃப்ளோட்டிங், எடையை ஆக்ஸிலோட வெளிக்கூடு (ஹவுசிங்) தாங்கும். இல்லன்னா செமி ஃப்ளோட்டிங். அதுல சக்கரத்தைச் சுத்துற ஷாஃப்ட்டே எடையையும் சுமக்குது. உடைஞ்சா சக்கரமே கழண்டு போகும். டயர்ல 100ன்னு லோட் இண்டெக்ஸ் இருந்தா ஒண்ணுக்கு 800 கிலோ. டயர் தாங்குதேன்னு ஆக்ஸில் தாங்காது.

மூட்டை ஏத்தின பிறகு, பின் ஆக்ஸிலுக்கும், பட்டை முழுசா அமுங்கினா அது முட்டுற பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையலன்னா உடனே இறக்குங்க. காலி வண்டியே சாய்ஞ்சு நின்னா பட்டை களைச்சுப் போச்சு, கட்டு மொத்தத்தையும் மாத்தணும், ஒத்தை பட்டையை இல்ல.

இறக்கம்70:
பெடல் விஷயத்துக்கு வர்றேன், இதுதான் ஆளைக் கொல்றது. 2,000 கிலோ வண்டி 800 மீட்டர் உயரம் இறங்கினா வர்ற சூட்டை வச்சு 50 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வச்சிடலாம். எஞ்சின் வாங்காததை டிரம் வாங்கணும். டிரம் சூடேறினா விரியும், லைனர் ஒட்டின ஷூவை விட்டு விலகும், பெடல் நீளமாப் போகும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினா அது வேற, பிரேக் ஆயில் கொதிக்குது. டாட் 3 ரக ஆயில் புதுசுல 205 டிகிரி தாங்கும், ஈரம் உறிஞ்சினதுக்கப்புறம் 140. டாட் 4 புதுசுல 230, ஈரத்துல 155. லைனர் புதுசா இருந்து ஆயில் அஞ்சு வருஷப் பழசுன்னா பிரயோஜனமில்ல. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா மாத்துங்க.

ஏறின கியர்லதான் இறங்கணும்னு பெரியவங்க சொல்றது இந்தக் கணக்குதான். மிதிச்சே வைக்காதீங்க. அழுத்தி மிதிச்சு வேகத்தைக் குறைங்க, விடுங்க, டிரம் ஆறட்டும். கருகின வாடை வந்தா ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து அரை மணி நேரம் நிறுத்துங்க. சூடான டிரம்ல தண்ணி ஊத்தினா விரிசல் விடும்.

டீசல் மிச்சம் பண்ண எஞ்சினை அணைச்சு இறங்காதீங்க. பிரேக் மிதியை லேசாக்குற பூஸ்டருக்கு வேக்கும் (உறிஞ்சு இழுப்பு) கொடுக்கிறது எஞ்சின் ஓட்டுற பம்பு. அணைச்சா ரெண்டு மூணு மிதியில உதவி தீர்ந்துடும். சோதிக்க: எஞ்சின் அணைச்சு நாலஞ்சு தடவை மிதிங்க, அப்படியே அழுத்திப் பிடிச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் கொஞ்சம் உள்ள இறங்கணும். இறங்கலன்னா பூஸ்டர், ஹோஸ், பம்பு மூணையும் பாருங்க.

வெள்ளாமைக்காரன்:
நன்றிங்க. முன் சக்கரத்தை டிரைவ்ல இருந்து கழட்டி விடுற ஃப்ரீ வீல் ஹப் இருக்கு. ஹப்பைத் திறந்து விட்டு 4 லோ (4 வீலோட லோ கியர்) போட்டா தார் ரோட்டுலயும் லோ கியர் கிடைக்குதே, அப்படி ஏறலாமா?

பட்டறை மணி:
கிடைக்கும், ஆனா முறுக்கு மொத்தமும் பின் ஆக்ஸில் ஒண்ணுக்கே போகுது. லோட் வண்டியில, லோ ஃபர்ஸ்ட்ல, ஏத்தத்துல கிளட்சை வெடுக்குன்னு விட்டா ஷாஃப்ட் முறிய அதுவே போதும். ஹப் பூட்டி காஞ்ச தார்ல 4 வீல் போட்டாலும் தப்பு: வளைவுல முன், பின் சக்கரம் ஒரே வேகத்துல சுத்தாது, முன், பின் ஆக்ஸிலுக்கு விசையைப் பிரிக்கிற கியர் பெட்டியில முறுக்கு ஏறும், லீவர் கழட்ட வராது. தார் ரோட்டுல 2 வீல், செகண்ட் கியர். தோட்டத்துக்குள்ள மண் பாதை வந்ததும் நிறுத்தி, ஹப் பூட்டி, 4 லோ.

இறக்கம்70:
இறங்குறதுக்கும் அதேதான். ஹப் திறந்திருந்தா எஞ்சின் பிடிப்பு பின் சக்கரத்துக்கு மட்டும். ஈர மண்ணுல பின் சக்கரம் வழுக்கி வண்டி குறுக்கே திரும்பும்.

காத்து: பின்னால வழக்கத்தைவிட 6 முதல் 8 பி.எஸ்.ஐ. கூட வைங்க, டயர் பக்கவாட்டுல போட்டிருக்கிற உச்ச அளவைத் தாண்டாம. டயர் குளிர்ந்திருக்கிறப்ப அளக்கணும். ஓடி சூடாகி ஏறின காத்தைப் பிடுங்கி விடாதீங்க. டயர் எவ்வளவு பழசுன்னும் பாருங்க: பக்கவாட்டுல 2319ன்னு இருந்தா 2019ல 23ஆம் வாரம் செஞ்சது.

கயிறை தார்ப்பாய்க்கு மேல மட்டும் போடாம மூட்டைக்குக் குறுக்கே ரெண்டு, நீளத்துக்கு ஒண்ணு போட்டு, பாடி கொக்கியில இல்லாம சேஸிஸ்ல கட்டுங்க. ரெண்டு மூணு கொண்டை ஊசி தாண்டினதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்க, மூட்டை அமுங்கி கயிறு தளர்ந்திருக்கும். பட்டையை ஆக்ஸிலோட பிடிக்கிற யூ போல்ட் நட்டும் முதல் லோட் நடைக்கப்புறம் இறுக்கணும். தளர்ந்தா பட்டைக் கட்டோட நடுவுல இருக்கிற சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸில் நகரும்.

பஞ்சர் ஆனா ஜாக்கி வைக்கிறதுக்கு முன்னால ஹேண்ட் பிரேக் எங்க பிடிக்குதுன்னு பாருங்க. சில பழைய ஜீப்புல அது சக்கரத்தை இல்ல, பின் ஆக்ஸிலுக்குப் போற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும். ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினா டிஃபரன்ஷியல் வழியா அந்தச் சக்கரம் சுத்திக்கும், வண்டி உருளும். முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை.