புதுசா மாட்டின கம்ப்யூட்டருக்கு ஸ்ட்ரெஸ் டெஸ்ட்: தமிழ்ல என்ன? வெள்ளிக்குள்ள வேணும்

எல்லாருக்கும் வணக்கம். பாலிடெக்னிக்ல பசங்களே பார்ட்ஸ் வாங்கி கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றாங்க, அதுக்கு லேப் கையேடு தமிழ்ல எழுதிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். கடைசிப் பாடத்துல நின்னுடுச்சு. மெம்டெஸ்ட்86-ங்கற நினைவகச் சோதனை மென்பொருளை பென்டிரைவ்ல போட்டு ராமை (நினைவகத்தை) நாலு சுத்து பாக்கணும், அப்புறம் பிரைம்95-ங்கற கணக்குப் போடற மென்பொருள்ல, சிபியுவை (செயலியை) ரொம்ப சூடாக்கற ஸ்மால் எஃப்எஃப்டிங்கற அமைப்பை வச்சு மணிக்கணக்கா ஓடவிட்டு சூடு எவ்வளவு ஏறுதுன்னு குறிக்கணும். இந்த ஸ்ட்ரெஸ் டெஸ்டுக்கு "நிலைப்பாட்டுச் சோதனை"ன்னு எழுதினேன், கட்சி அறிக்கை மாதிரி இருக்குன்னு கூட வேலை பாக்கறவங்க சொல்லிட்டாங்க. வெள்ளோட்டம்னு போடலாமா?

> வெள்ளோட்டம்னு போடலாமா?

கூடாதும்மா. புதுத் தேரை சாமி ஏத்தாம வெறுந்தேரா இழுத்துப் பாக்கறதுதான் வெள்ளோட்டம். வெள்ளிடைமலைன்னு சொல்றோமே, அதே வெள், வெறுமைன்னு அர்த்தம். உனக்கு வேண்டியது நேர்மாறு, முழுப் பாரம் ஏத்தணும். வள்ளுவர் இதுக்கு 48-ஆவது அதிகாரமே வச்சிருக்கார், வலியறிதல். மயிலிறகுதானேன்னு ஏத்திக்கிட்டே போனா "பீலிபெய் சாகாடும் அச்சிறும்", அதாவது வண்டியோட அச்சே முறிஞ்சிடும். ஆகவே "வலியறி தேர்வு". சோதனை வடசொல், வேண்டாம். சாகாடும் வடமொழிச் சகடம்தான்னு சிலர் சொல்வாங்க, நான் ஏத்துக்கறதில்ல, அதைத் தனி மடலா எழுதறேன்.

> வலியறி தேர்வு

ஐயா, நான் கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கேன். இப்ப வலின்னா நோவு மட்டும்தான், பில்லுல இப்படி எழுதினா ஒருத்தருக்கும் புரியாது. அதோட பிரைம்95 பலத்தை அளக்கறதில்ல. விடை முன்னாடியே தெரிஞ்ச கணக்கைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி விடை மாறுதான்னு பாக்குது. ரவுண்டிங் (விடையை முழு எண்ணாக்கறப்ப வர்ற பிழை) 0.5 வந்துச்சு, 0.4-க்குக் கீழே இருக்கணும்னு சொல்லி நின்னுடுச்சுன்னா, மெஷின் அணையாமலே தப்பாக் கணக்குப் போடுதுன்னு அர்த்தம். அச்சு முறிஞ்சா கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. புது மெஷினை இப்படிச் சூடேற ஓடவிட்டுப் பாக்கறதை நாங்க பர்ன்-இன்னுதான் சொல்லுவோம். சுடச்சுடரும் பொன்போல்னு 267-ஆவது குறள்லயும் அந்தச் சூடு இருக்கே, "புடச் சோதனை" வைங்க.

புடமும் வடசொல்தான் தம்பி. சித்த மருத்துவத்துல புடம் போட்டா பொருளே பற்பமா, அதாவது சாம்பலா ஆயிடும், நமக்குப் பொருள் அப்படியே இருக்கணும்.

நான் மொழிபெயர்ப்பு வேலை பாக்கறவ, ஒரு வார்த்தை. ரோட்டோரத்துல சுமைதாங்கிக் கல்லு பாத்திருப்பீங்க. "சுமைதாங்கு சோதனை" போட்டா எந்தப் பையனுக்கும் விளக்கம் வேண்டியதில்ல. சோதனை எந்த மொழிலேர்ந்து வந்தா என்ன, அஞ்சாம் வகுப்புலேயே படிக்கிறாங்க.

இதுவரைக்கும் படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இதுக்கு நானும் சரி. நேரமும் இல்ல.

எனக்கும் ஓகே.

நன்றி அக்கா, அதையே போட்டுட்டேன். ஆனா ராம் பகுதிக்கு ஒட்டல, மெம்டெஸ்ட் எழுதினதைத் திரும்பப் படிச்சு ஒத்துப்போகுதான்னுதானே பாக்குது, அதனால அங்க மட்டும் "நினைவகச் சரிபார்ப்பு".

அப்ப பிரைம்95-ம் சரிபார்ப்புதானேங்க? சுமை தாங்கிக்கிட்டே தப்புக் கணக்கு போடற மெஷினை இந்தப் பேர் பாஸ் பண்ணி விட்டுடும். கடைக்காரன் நான் இன்னும் ஒத்துக்கல.

வலியறிதலை நானும் விடல. சகடம் பத்தின மடல் நாளைக்கு வரும்.