கம்பெனியில காது டெஸ்ட் எடுக்க சரியா கத்துக்கறது எப்படி?

சிப்காட் நர்ஸ்:
கடலூர் சிப்காட்ல ஒரு ஃபேக்டரி டிஸ்பென்சரில ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். கம்ப்ரஸர் ரூம் ஆளுங்களுக்கு ஆடியோமெட்ரி (காது எவ்வளவு கேக்குதுன்னு பாக்குற டெஸ்ட்) இனி நீங்களே எடுங்கன்னு சொல்லிட்டாங்க, மெஷின் கொண்டு வந்தவர் அரைமணி நேரம் காட்டிட்டு போயிட்டார், போன வாரம் ஒரு அண்ணன் நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வந்து உக்காந்தார், மெஷின்ல டோன் போட போட, கேட்டா அமுக்க வேண்டிய பட்டனையே அமுக்கல, எனக்கு பயமாயிடுச்சு. யார்கிட்ட கத்துக்கலாம்?

பாண்டி ஆடியாலஜிஸ்ட்:
சத்தத்துல இருந்து வந்த காது கொஞ்ச நேரம் மந்தமாத்தான் இருக்கும்மா. முதல் டெஸ்ட்டுக்கு 14 மணி நேரமாவது சத்தம் படாம இருக்கணும், வார லீவு முடிஞ்சு டியூட்டி ஏறும் முன்னாடி எடுங்க. காதுல அழுக்கு அடைச்சிருக்கான்னு பாத்துட்டு, சிவப்பு ஹெட்ஃபோன் வலது, நீலம் இடது. 1000 ஹெர்ட்ஸ் டோன்ல ஆரம்பிங்க, கேட்டா சத்தத்தை 10 டெசிபல் இறக்குங்க, கேக்கலன்னா 5 ஏத்துங்க. ஒரே தாளத்துல மட்டும் போடாதீங்க, ஆளு தாளத்தைப் புடிச்சுக்கிட்டு கேக்காமலே அமுக்குவார், உங்க கையும் அவர் கண்ணுல படக்கூடாது. ஒரு ஆடியாலஜிஸ்ட் (காது கேக்குற திறனைப் பாக்குற நிபுணர்) பக்கத்துல இருக்க நிறைய பேருக்கு எடுத்துப் பழகுங்க, வீடியோ பாத்து வராது.

சேஃப்டி ஆபீசர்:
3000, 4000, 6000 ஹெர்ட்ஸ் டோன் மூணையும் விட்டுடாதீங்க சிஸ்டர். சத்தத்தால போற காது பெரும்பாலும் 4000 பக்கம்தான் முதல்ல விழும், பேச்சு கேக்கும்ங்கறதால அவங்களுக்கே தெரியாது. அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியல்ல இது இருக்கு, ரெக்கார்ட் பத்திரம்.

சிப்காட் நர்ஸ்:
ரொம்ப நன்றிங்க, அந்த அண்ணனை லீவு முடிஞ்சு வர்ற அன்னிக்கு மறுபடி கூப்பிடறேன்.