ஓட்டே வாங்காதவர்களுக்கு இந்த வேலையை யார் கொடுத்தது?

நொய்யல்கரை:
தேர்தல் பத்திரத் தீர்ப்பைப் பற்றி யார் பேசினாலும் ஒரே புகழ்ச்சிதான். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நன்கொடை கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்ற அந்தத் திட்டம் செல்லாது என்றது. வழக்கில் முன்னால் நின்றவை ஏடிஆர் என்கிற ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கமும் காமன் காஸும். இரண்டும் தன்னார்வ அமைப்புகள். தீர்ப்பு சரியா தவறா என்பதற்குள் நான் போகவில்லை. நாடாளுமன்றம் ஒன்றைச் சட்டமாக்குகிறது. ஒரு ஓட்டுகூட வாங்காத சிலர் நீதிமன்றம் போகிறார்கள், ஓட்டே வாங்காத நீதிபதிகள் அதைத் தூக்கிப் போடுகிறார்கள். இதற்குப் பெயர் சட்டத்தின் ஆட்சி என்கிறோம். அரசு பிடிக்கவில்லையென்றால் ஐந்து வருடத்தில் மாற்றலாம். ஏடிஆரை எந்தத் தேர்தலில் தோற்கடிப்பது?

நம் ஊரையே பாருங்கள். காமராஜர் மதிய உணவும் 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவும் எந்தப் பொதுநல வழக்கில் வந்தவை? ஓட்டு அரசியலில் வந்தவை. என்னைக் கேட்டால் அதுதான் நிற்கும்.

செங்காந்தள்:
சார், ஓட்டால் எதையும் மாற்றலாம் என்பது ஆளுங்கட்சி ஒன்றைச் செய்து எதிர்க்கட்சி அதை எதிர்க்கும்போதுதான் சரி. எல்லாக் கட்சிக்கும் லாபம் வருகிற விஷயத்தில் யாருக்கு ஓட்டுப் போட்டு மாற்றுவீர்கள்?

2002 மே 2 அன்று ஏடிஆர் வழக்கில்தான் வேட்பாளர்கள் தங்கள் குற்ற வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதுவரை தினமும் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த கட்சிகள் அந்தத் தீர்ப்பை மழுங்கடிப்பதில் மட்டும் ஒற்றுமையாகிவிட்டன. அவசரச் சட்டம் வந்தது. அப்துல் கலாம் திருப்பி அனுப்பினார், அமைச்சரவை மறுபடி அனுப்பியது, வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார். அப்புறம் அது சட்டத் திருத்தமாகவும் ஆனது. பியூசிஎல் என்கிற மக்கள் சிவில் உரிமைக் கழகம் உள்ளிட்டோர் மறுபடி வழக்குப் போட்டு, 2003 மார்ச்சில் அந்தத் திருத்தத்தில் தீர்ப்பை ஓரங்கட்டிய 33பி பிரிவு செல்லாது என்றானது. இன்று நம் எம்.எல்.ஏ. பேரில் எத்தனை வழக்கு இருக்கிறது என்று டீக்கடையில் உட்கார்ந்து போனில் பார்க்கிறோமே, அது எந்தக் கட்சியின் தேர்தல் வாக்குறுதி?

இன்னொன்று. பத்திர வழக்கில் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒரு மனுதாரர். பத்திரப் பணம் வாங்க மாட்டோம் என்று சொன்ன கட்சி அது. வாங்கியவர்கள் ஏன் போகவில்லை என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ரெட்டைமாட்டுவண்டி:
இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். பணம். இந்தியாவில் மனித உரிமை, சட்ட விழிப்புணர்வு என்று போர்டு மாட்டியிருக்கும் அமைப்புகளில் எத்தனை உள்ளூர்ச் சந்தாவில் ஓடுகின்றன? வெளியிலிருந்து பணம் வந்தால் வெளியில் இருப்பவன் விருப்பமும் சேர்ந்துதான் வரும். கல்யாணத்துக்குப் பணம் கொடுத்தவர் பந்தியில் முதல் இலையில் உட்காருவார், அவ்வளவுதான். அதனால்தான் எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். அமெரிக்காவிலேயே 1938 முதல் வெளிநாட்டு முகவர் பதிவுச் சட்டம் இருக்கிறது. நாம் செய்தால் மட்டும் ஜனநாயகப் படுகொலையா?

செங்காந்தள்:
வண்டி அண்ணா, எஃப்சிஆர்ஏ பற்றி நீங்களே ஆரம்பித்ததில் எனக்குச் சந்தோஷம்.

2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. லண்டன் வேதாந்தாவின் பிடியில் இருந்த ஸ்டெர்லைட், சேசா நிறுவனங்களிடம் காங்கிரசும் பாஜகவும் நன்கொடை வாங்கியது எஃப்சிஆர்ஏ மீறல் என்றது. ஆமாம், நம் தூத்துக்குடி ஸ்டெர்லைட்தான். வழக்குப் போட்டது யார்? உங்களுக்குப் பிடிக்காத அதே ஏடிஆர், கூடவே முன்னாள் மத்திய அரசுச் செயலர் ஒருவர். அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? மத்திய பாஜக அரசு 2016 நிதிச் சட்டத்தில் ‘வெளிநாட்டு மூலம்’ என்பதன் பொருளையே முன்தேதியிட்டு மாற்றியது. பழைய எஃப்சிஆர்ஏ காலத்து நன்கொடைகளுக்கு அது போதவில்லை என்றதும், 2018இல் அதை 1976 ஆகஸ்ட் வரை பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். 42 வருடம்! நான் பிறப்பதற்கு முன்னால் வாங்கிய நன்கொடைக்கும் மன்னிப்பு.

அதே அரசு 2020இல் தொண்டு அமைப்புகளுக்கு மட்டும் சட்டத்தை இறுக்கியது. எந்த ஊர் அமைப்பாக இருந்தாலும் டெல்லி நாடாளுமன்றத் தெரு ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் கணக்குத் தொடங்க வேண்டும். நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20ஆகக் குறைந்தது. வெளிப்பணம் கெட்டது என்றால் எல்லோருக்கும் கெட்டதாகவே இருக்கட்டும்.

ரெட்டைமாட்டுவண்டி:
கட்சிகளுக்கு முன்தேதியிட்டு மன்னிப்புக் கொடுத்தது அயோக்கியத்தனம். அதில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் அவன் திருடினான், அதனால் இவனைப் பரிசோதிக்காதே என்பது வாதமா? இரண்டு பேரையும் பிடி என்பது என் கட்சி.

செங்காந்தள்:
பரிசோதிக்கட்டும், கணக்குக் கேட்கட்டும். பரிசோதனை எங்கே போய் முடியும் என்பதுதான் பயம். 1938 அமெரிக்கச் சட்டம் வெளிநாட்டாரின் சொல்படி அல்லது அவர்கள் சார்பில் செயல்படுகிறவரைத்தான் கேட்கிறது. ரஷ்யா 2012இல் அதே பெயரில் எழுதிய சட்டத்துக்கு வெளிப்பணமும் ‘அரசியல் நடவடிக்கை’யும் இருந்தால் போதும். அதில் எதைச் சேர்ப்பது என்பது அதிகாரி கையில். ஸ்டாலின் காலத்தில் கொல்லப்பட்டவர்களின் பெயர்களைச் சேகரித்துவந்த மெமோரியல் அமைப்பை 2021 டிசம்பர் 28 அன்று கலைக்க உத்தரவிட்டார்கள். சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, வெளியீடுகளில் ‘வெளிநாட்டு முகவர்’ என்ற முத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்பது. மறு வருடம் அதற்கு நோபல் சமாதானப் பரிசில் பங்கு கிடைத்தது. அமைப்புதான் கிடைக்கவில்லை.

சும்மா_பார்ப்பவன்:
நோபல் கொடுத்தாலே கொஞ்சம் பயமாக இருக்கிறது. துனிசியாவிலும் கொடுத்தார்களே.

நொய்யல்கரை:
நல்ல நேரத்தில் துனிசியாவை எடுத்தீர்கள். 2013இல் இரண்டு அரசியல் தலைவர்களைச் சுட்டுக் கொன்று நாடே சிதறும் நிலை. தொழிற்சங்கக் கூட்டமைப்பு, முதலாளிகள் சங்கம், மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் சங்கம் நான்கும் சேர்ந்து கட்சிகளை ஒரே மேசையில் உட்கார வைத்தன. 2014 ஜனவரியில் புதிய அரசியல் சாசனம், 2015இல் அந்த நால்வருக்கும் நோபல். சரி, 2021 ஜூலை 25 அன்று என்ன ஆனது? அதிபர் கைஸ் சையது நாடாளுமன்றத்தை முடக்கினார். அடுத்த வருடம் அவர் விருப்பப்படி வேறொரு சாசனம். எட்டே வருடத்தில் வீடு காலி.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்தத் தொழிற்சங்கத்துக்கு லட்சக்கணக்கில் உறுப்பினர்கள். அதன் தலைவர் மேசையில் கையை ஊன்றினால் பின்னால் ஆட்கள் இருந்தார்கள். ஐந்து பேர் டிரஸ்ட் ஒன்றைப் பதிவு செய்து ‘மக்கள் சார்பில்’ என்று மனுப் போடுவதும் அதுவும் ஒன்றா? சந்தா கட்டும் உறுப்பினரும் உள்தேர்தலும் இருக்கிற அமைப்பு பேசட்டும், கேட்கிறேன்.

ஜெய்ப்பூர்வாசி:
அப்படியென்றால் பியூசிஎல் பேசலாம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கியது. உறுப்பினர்கள் உண்டு, நிதி நிறுவனங்களிடம் பணம் வாங்குவதில்லை, வெளிநாடும் இல்லை உள்நாடும் இல்லை.

சத்துணவு பற்றிச் சொன்னீர்கள். இங்கே ராஜஸ்தானில் அது எப்படி வந்தது என்று கேளுங்கள். 2001இல் கடும் வறட்சி. உணவுக் கழகக் கிடங்கில் கோதுமை மூட்டை மூட்டையாக வெளியில் தார்ப்பாய்க்குக் கீழே அழுகிக்கொண்டிருந்தது, கிராமத்தில் சாப்பாடு இல்லை. பியூசிஎல் ராஜஸ்தான் கிளை உச்ச நீதிமன்றம் போனது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுவரை மாதம் 3 கிலோ தானியம் என்று கணக்கு. 2001 நவம்பர் 28 அன்று நீதிமன்றம் சமைத்த உணவுதான் கொடுக்க வேண்டும் என்றது. 2002இல் இங்கே தொடங்கியபோது எல்லா நாளும் ‘கூக்ரி’ என்கிற பண்டம்தான். முழுக் கோதுமையை வேகவைத்து வெல்லம் போட்டுக் கிளறியது. என்னோடு வேலை செய்பவர் அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்தான், இன்றும் கூக்ரி என்றாலே முகத்தைச் சுளிப்பார். ஆனால் அதற்காகத்தான் பள்ளிக்குப் போனேன் என்றும் அவரே சொல்வார்.

நொய்யல்கரை:
என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறீர்கள். ஓட்டு அரசியலால் தமிழ்ப் பிள்ளை இருபது வருடம் முன்னாலேயே சாப்பிட்டுவிட்டது. அதுவும் கூக்ரி இல்லை, சோறும் சாம்பாரும்.

ஜெய்ப்பூர்வாசி:
ராஜஸ்தான் பிள்ளைகள் தங்களுக்கு ஒரு எம்.ஜி.ஆர். பிறக்கும்வரை பசியோடு உட்கார்ந்திருக்க வேண்டுமா?

நொய்யல்கரை:
சரி, அது உறைக்கிறது. ஆனால் பத்திரத் தீர்ப்பால் நடந்தது என்ன? அதிகமாக வாங்கியது நம் கோவை லாட்டரி நிறுவனம், 1,368 கோடி ரூபாய்க்கு. அதில் 509 கோடி திமுகவுக்கு. நாட்டிலேயே அதிகம் பெற்ற கட்சி பாஜக. எல்லாம் வெளியே வந்தது. யாராவது ஒரு ரூபாய் திருப்பிக் கொடுத்தார்களா? சிறப்பு விசாரணைக் குழு கேட்டு காமன் காஸ் மறுபடி போனபோது, 2024 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. தீர்ப்பு வந்த சூட்டோடு தேர்தலும் வந்தது. கோவையில் எத்தனை பேர் அந்த 509 கோடியை நினைத்து ஓட்டுப் போட்டார்கள்?

செங்காந்தள்:
1,368, 509. இந்த எண்களை எங்கிருந்து எடுத்தீர்கள் சார்?

பட்டியல் தர ஜூன் 30 வரை, அதாவது தேர்தல் முடியும்வரை, ஸ்டேட் வங்கி அவகாசம் கேட்டது. மார்ச் 11 அன்று நீதிமன்றம் மறுத்து, மறுநாள் மாலைக்குள் கொடு என்றது. 14ஆம் தேதி இரவு நாடே அந்தப் பக்கங்களைத் திறந்து படித்தது. யார் யாருக்குக் கொடுத்தது என்பதும் அடுத்த சில நாளில் வந்தது. அதற்கு முன்னால் நீங்களும் நானும் இதே சண்டையைப் போட்டிருந்தால் ‘கேள்விப்பட்டேன்’ என்றுதான் எழுதியிருப்போம்.

நொய்யல்கரை:
மாட்டிக்கொண்டேன். ஆனாலும் தெரிந்துகொள்வது ஒன்று, தண்டிப்பது வேறொன்று. இரண்டாவது நடக்காவிட்டால் முதலாவது வெறும் பொழுதுபோக்காகிவிடும்.

பழைய_குமாஸ்தா:
காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நான் முன்சீப் கோர்ட்டு வக்கீல் ஒருவரிடம் 31 வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். நீங்கள் எல்லோரும் டெல்லியிலேயே நிற்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் சைக்கிள் கடைக்கு மேல் ஒற்றை அறையில் ஓர் அமைப்பு இருந்தது. ஒரு பெண், ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், ஒரு பழைய மேசை. கணவனை இழந்த ஓர் அம்மா பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்து இரண்டு வருடம் தாலுகா ஆபீசுக்கு நடந்தார். ‘சர்வேயர் லீவு’, ‘ஃபைல் மேலே போயிருக்கு’, இதே பதில்தான். பணமும் இரண்டு தடவை கைமாறியது. அந்த வாத்தியார் ஒரு வெள்ளைத் தாளில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்றே கேள்வி எழுதினார்: என் மனு எந்தத் தேதியில் யார் மேசைக்குப் போனது? அங்கே எத்தனை நாள் இருந்தது? தாமதத்துக்குப் பொறுப்பான அலுவலர் பெயர் என்ன? பதில் வரவில்லை. ஆனால் பன்னிரண்டாம் நாள் சர்வேயர் சங்கிலியோடு வயலில் நின்றார்.

வண்டி தம்பி, அந்த அறை இப்போது பூட்டிக் கிடக்கிறது. சென்னையில் ஒரு பெரிய அமைப்பு வாங்கும் நிதியில் கொஞ்சம் இவர்களுக்கு வரும். 2020 திருத்தத்தில் ஓர் அமைப்பு இன்னொன்றுக்கு அப்படிப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. சென்னைக்காரர்கள் இன்னும் ஏசி அறையில் கருத்தரங்கு நடத்துகிறார்கள்.

அதற்காக எல்லா அமைப்பையும் தலையில் தூக்கி வைக்கவும் மாட்டேன். சட்ட விழிப்புணர்வு முகாம் என்று பேனர் கட்டி, டீயும் போண்டாவும் கொடுத்து, ஐம்பது கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து, மத்தியானத்துக்குள் வேன் ஏறிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். போட்டோவுக்கு ஆள் குறைந்தால் எங்களையே உட்கார வைப்பார்கள்.

ரெட்டைமாட்டுவண்டி:
ஐயா, அந்தப் பிரிவின் விளைவு இப்படிக் கீழே போய் விழும் என்று நான் யோசித்ததில்லை. உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆனாலும் அந்த அறை வாடகையை நம் ஊர்க்காரர்கள் முந்நூறு பேர் மாதம் பத்து ரூபாய் போட்டுக் கொடுத்திருக்க முடியாதா?

பழைய_குமாஸ்தா:
கேட்டோம் தம்பி. கோயில் கொடைக்குத் தருகிறேன், இதற்கு எதற்கு என்றார்கள். பட்டா வாங்கியவர்களே அப்படித்தான் சொன்னார்கள்.

சும்மா_பார்ப்பவன்:
அந்த அம்மாவுக்குப் பட்டா வந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

பழைய_குமாஸ்தா:
வந்தது. பெயர் மரகதம். பட்டாவில் மரகதன் என்று அடித்திருந்தார்கள். திருத்த மனுக் கொடுத்திருக்கிறோம், ஃபைல் மேலே போயிருக்கிறதாம். நாளைக்கு ஸ்டாம்பு வாங்கப் போகிறேன்.