மறு: ‘ஃபுல்-பாடீட்’ (full-bodied) ஒயினுக்குத் தமிழில் என்ன?

> ‘திண்மையான ஒயின்’ என்றே வைத்துக்கொள்ளலாமே? ‘உடல்’ என்று போடுவதைவிடத் தேவலை.

ஐயா, ‘உடல்’ வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் ‘திண்மம்’ பாடநூலில் திடப்பொருளுக்குப் போய்விட்டது. ‘திண்மையான ஒயின்’ என்றால் உறைந்து கட்டியான ஒயின் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்கு வடகிழக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் இருக்கும் பரோசா பள்ளத்தாக்கின் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் பழம் முற்ற முற்றச் சர்க்கரை ஏறும். மாலிக் அமிலத்தைப் பழம் தன் சுவாசத்திலேயே செலவழித்துவிடுவதால் புளிப்பு இறங்கும். (அதைச் சரிக்கட்ட டார்டாரிக் அமிலம் சேர்ப்பது அங்கே சட்டப்படி செல்லும், சர்வ சாதாரணமும்கூட.) நொதித்து முடியும்போது ஆல்கஹால் பல நேரம் 14.5 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும்.

ஒரு வாய் குடித்தால் மூன்று விஷயங்கள் தெரியும். நாக்கின்மேல் பாரமாக, வழவழப்பாக உட்காருவது ஒன்று. விழுங்கியதும் தொண்டையில் ஏறும் சூடு இன்னொன்று. அப்புறம், திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வந்து ஈறைப் பிடிக்கும் டானின். ‘திண்மை’ என்றாலும் ‘அடர்த்தி’ என்றாலும் மூன்றும் ஒரே மூட்டைக்குள் போய்விடும். என் பரிந்துரை: முதலாவது கனம், இரண்டாவது காட்டம், மூன்றாவது துவர்ப்பு. எதையும் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை.

> கனம் இருந்தால் காட்டமும் இருக்கத்தானே செய்யும்? எதற்கு இரண்டு சொல்?

இல்லை ஐயா. அதே பரோசாவின் இன்னொரு சிவப்பு ஒயினான கிரெனாஷைப் பாருங்கள். ஆல்கஹால் ஷிராஸுக்குக் குறையாது, சில சமயம் கூடுதலாகவே இருக்கும். ஆனால் நிறம் வெளிறல், துவர்ப்பு மென்மை, வாயில் நடுத்தரப் பாரம்தான். காட்டம் உண்டு, இடைக்கனம் என்று எழுதிவிடலாம். பக்கத்திலேயே மேட்டு நிலமான ஈடன் பள்ளத்தாக்கு. அங்கே குளிர்ச்சி அதிகம். அதன் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் கூர்மையான புளிப்போடு, மென்கனமாக இருக்கும்.

> அப்படியானால் ‘செறிவு’ எங்கே?

அதை வயது முதிர்ந்த பழங்கொடிகளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ஐரோப்பியத் தோட்டங்களை 19-ஆம் நூற்றாண்டில் அழித்த ஃபிலாக்ஸெரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவில் காலூன்றவே இல்லை. அதனால் பரோசாவில் நூறு வயது தாண்டிய கொடிகள் இன்னும் காய்க்கின்றன. 125 வயதைத் தொட்டவற்றுக்கு ‘மூதாதைக் கொடி’ என்று தனி வகுப்பே உண்டு. 2009-இல் வந்த பரோசா பழங்கொடிச் சாசனம் பிரித்தது அது. இவற்றில் காய்ப்பு பொதுவாகக் குறைவு, சுவை அழுத்தம் கூடுதல் என்பார்கள். அந்த அழுத்தம்தான் செறிவு. மென்கனமான ஒயினிலும் அது இருக்கலாம்.

> சரி, ஒப்புக்கொள்கிறேன். ‘கனம்’ என்றதும் தலைக்கனம்தான் நினைவுக்கு வருகிறது, அது ஒன்றுதான் இடிக்கிறது.

சில பரோசா ஒயின்களின் விலையைப் பார்த்தால் அதுவும் பொருந்தும் ஐயா! கலைச்சொல் பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்: முழுக்கனம், இடைக்கனம், மென்கனம். அடுத்து ‘ஜாமி’ (jammy). வெயிலில் பழம் மிஞ்சிப் பழுத்துக் காய்ச்சிய பழக்கூழ் வாசம் வருமே, அது. ‘மிகைக்கனிவு’ என்று தோன்றுகிறது. ஆனால் ‘ஜாமி’யைப் பாராட்டாகவும் சொல்கிறார்கள், குறையாகவும் சொல்கிறார்கள், ‘மிகை’ போட்டால் குறை மட்டும்தான் தொனிக்கும். வேறு சொல் யாரிடமாவது இருக்கிறதா?