நினைவுக் குவில்டில் ஃபோட்டோ தேவையா?

நூல்கண்டு:
குடும்ப நினைவுக் குவில்ட் (துணித்துண்டுகளை ஒட்டித் தைக்கும் போர்வை) என்றாலே தாத்தா பாட்டி ஃபோட்டோவைத் துணியில் அச்சடித்து நடுவில் வைத்துத் தைப்பது என்று ஆகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் ஊரில் மிசூரி பெட்வே என்ற பெண், கணவர் இறந்த துக்கத்தில் 1942-இல் ஒரு குவில்ட் தைத்தார். துணியெல்லாம் கணவர் வேலைக்கு உடுத்திய உடுப்புகள். அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ளவே தைத்தது. அதில் முகமும் இல்லை, பெயரும் இல்லை. வெளுத்துப்போன அந்தத் துணியே அவர் எப்படி உழைத்தார் என்று காட்டிவிடுகிறது. ஒரு ஃபோட்டோவை வைத்துவிட்டால் பார்ப்பவர் கண் முகத்தைத் தாண்டி நகராது. துணி வெறும் படச்சட்டமாகிவிடும்.

ரேவதி:
அண்ணா, அது கணவரின் உடுப்பு என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? கூடவே இருந்து உதவிய மகள் அர்லோன்சியா பல வருஷம் கழித்துச் சொன்னதால்தானே? அவர் வாய் திறக்காமல் போயிருந்தால் நாம் பார்ப்பது அழகான ஒட்டுத்துணி வேலை, அவ்வளவுதான். எல்லாக் குடும்பத்திலும் சொல்ல ஒரு மகள் மிஞ்சுவதில்லை.

அமெரிக்க ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்டும் அவர் அம்மா வில்லி போஸியும் 1980-இல் சேர்ந்து செய்த 'எக்கோஸ் ஆஃப் ஹார்லெம்' குவில்ட் முழுக்க முகங்கள்தான். தன் சுயசரிதைக்குப் பதிப்பாளர் கிடைக்காததால் 1983 முதல் கதையையே துணியில் எழுத ஆரம்பித்தார் ரிங்கோல்ட். அவருக்குத் துணி மட்டும் போதவில்லையே.

நூல்கண்டு:
ரிங்கோல்ட் வரைந்தார், எழுதினார். ஒவ்வொரு முகமும் அவர் கைவழியாக வந்தது. பிரிண்டரில் தாளை விட்டு எடுப்பதை அதோடு சேர்க்காதீர்கள்.

பருத்திக்காடு:
ஆயுளையும் பாருங்கள். சூட்டில் ஒட்டும் டிரான்ஸ்ஃபர் தாள் துணிமேல் பிளாஸ்டிக் படலம் மாதிரி உட்காரும், நாளடைவில் வெடிக்கும். பிரிண்டரில் ஊற்றும் டை மை (கரையும் சாயம்) வெயிலில் சீக்கிரம் வெளிறும். பிக்மென்ட் மை (நிறத்துகள் கலந்தது) பரவாயில்லை. 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த, வெயிலில் நீலப் படம் பதிக்கும் சயனோடைப் முறை பருத்தியில் அருமையாக விழும், ஆனால் காரமான சோப்புத்தூளில் துவைத்தால் அந்த நீலம் போய்விடும். அசல் ஃபோட்டோவைத் தைக்கவே கூடாது. ஊசி போன இடம் போனதுதான். அருங்காட்சியகங்கள் துணிக்குச் சுமார் 50 லக்ஸ் என்ற மங்கலான வெளிச்சம்தான் தருகின்றன. நாம் ஜன்னலுக்கு எதிரே மாட்டுகிறோம்!

ரேவதி:
மை வெளிறும், சரி. துணிச் சாயமும்தான் வெளிறும். ஃபோட்டோவை ஸ்கேன் செய்து வைத்தால் மறுபடி அச்சடிக்கலாம்.

எய்ட்ஸில் இறந்தவர்களுக்காக அமெரிக்காவில் தைத்த எய்ட்ஸ் நினைவுக் குவில்டை யோசியுங்கள். 1987 அக்டோபரில் வாஷிங்டனில் முதன்முதலாக விரித்தபோது 1,920 துணிப் பலகங்கள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு ஆளைப் புதைக்கும் அளவு. அந்தக் குவில்டில் ஜீன்ஸும் இருக்கிறது, பொம்மையும் இருக்கிறது, ஃபோட்டோவும் இருக்கிறது. ஃபோட்டோவை மட்டும் பிரித்தெடுக்கச் சொல்வீர்களா?

நூல்கண்டு:
சொல்லமாட்டேன். அரசாங்கமே கண்டுகொள்ளாத சாவுகள் அவை. முன்பின் தெரியாதவர்களிடம் 'இவர் இருந்தார்' என்று காட்டவேண்டிய கட்டாயம் இருந்தது. வீட்டுக் குவில்டுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பார்ப்பவர்கள் சொந்தக்காரர்கள்.

சுபா:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அம்மாவின் பட்டுப்புடவை ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அதை வெட்டலாமா?

பருத்திக்காடு:
வேண்டாம். பழைய பட்டு மடிப்பிலேயே இற்றுப்போகும். ரவிக்கை இருந்தால் அதை எடுங்கள், பின்னால் இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் மெல்லிய ஃபியூசிங் துணி கொடுத்துத் தையுங்கள். புடவையைப் பிளாஸ்டிக் பையில் வைக்காமல் வெளுக்காத காடாத்துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்றி வையுங்கள்.

நூல்கண்டு:
நான் வெட்டுங்கள் என்றே சொல்வேன். பெட்வே வெட்டினார். பீரோவில் யார் கையும் படாமல் இற்றுப்போவதைவிட தினமும் தோளில் கிடப்பது மேல். பெயரும் ஆண்டும் வேண்டுமானால் பின்பக்கம் ஒரு துண்டில் எழுதித் தைத்துவிடுங்கள். முன்பக்கம் துணிக்கே இருக்கட்டும்.

ரேவதி:
சுவரில் மாட்டியதை யார் திருப்பிப் பார்க்கப்போகிறார்கள்? அண்ணா சொல்லும் சொந்தக்காரர்களில் என் பிள்ளைகள் பாட்டியைப் பார்த்ததே இல்லை. சுபா, ரவிக்கைத் துணியை எடுங்கள், அம்மா முகத்தையும் பெயரையும் முன்பக்கத்திலேயே வையுங்கள். நான் தைப்பதிலும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.