முதன்முதலாக எதற்காக வந்தீர்கள்?

நம் தூண்டில் சங்கத்தின் பெயரில் 'பாதுகாப்பு' என்ற சொல்லும் இருக்கிறது. ஆனால் கரையைத் துப்புரவு செய்யும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவது எப்போதும் அதே ஆறு பேர்தான். மீன் நன்றாகக் கடிக்கும் நாளிலோ கரையில் நிற்க இடம் இருக்காது. குறை சொல்லவில்லை, நானும் ஏழு வருடம் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். சந்தா கட்டியாயிற்று, இனி என்ன என்ற நினைப்பு. 'வாருங்கள், வாருங்கள்' என்று கூவிக்கொண்டிருப்பதைவிட, ஏற்கெனவே வந்தவர்கள் எதற்காக வந்தோம் என்று எழுதினால் தயங்குகிறவர்களுக்குப் பயன்படும். நானே தொடங்குகிறேன்.

ஒரு மாலை தூண்டிலைச் சுருட்டும்போது நாணலுக்குள் படபடவென்று சத்தம். ஒரு நீர்க்காகம். காலும் ஒரு சிறகும் தூண்டிலில் கட்டும் நைலான் நரம்பில் சிக்கியிருந்தன. மறுமுனை ஏதோ வேரில் சுற்றிக்கொண்டிருந்ததால், அது துள்ளத் துள்ள நரம்பு இறுகியது. நான் நேராகப் போய் இழுக்கப் பார்த்தேன். சங்கத்துப் பெரியவர் ஒருவர் என்னை விலக்கிவிட்டுத் தம் துண்டை அதன் தலைமேல் போட்டார். கண் மறைந்ததும் பறவை அடங்கிவிட்டது. "அலகைப் பிடித்துக்கொள், முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதே" என்றார். பிறகு சிறு கத்தரியால் ஒவ்வொரு சுற்றாக நறுக்கினார். நரம்பு அறுத்து உள்ளே போயிருந்த இடத்தில் சதை வெளிறித் தெரிந்தது.

நறுக்கிய துண்டுகளை என் உள்ளங்கையில் வைத்தார். நான் வாங்கும் அதே பச்சை, அதே தடிமன், முனையில் நான் போடும் அதே முடிச்சு. என்னுடையது என்று அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. நைலான் நரம்பு தண்ணீரில் அழிந்துபோகச் சுமார் 600 ஆண்டுகள் ஆகலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. சிக்கெடுக்கப் பொறுமையில்லாமல் நான் எத்தனை முறை அறுத்து வீசியிருப்பேன்! அடுத்த துப்புரவு நாளில் ஏழாவது ஆளாகப் போய் நின்றேன்.

* * *

எனக்குத் தூண்டில் போடவே தெரியாது. மூட்டுவலி வேறு. கணக்கெழுதியே ஓய்வு பெற்றவன். 'நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை' என்று ஒரு நண்பர் புலம்பியதைக் கேட்டுத்தான் வந்தேன்.

வாரம் இரண்டு முறை குளத்துக்குப் போய் நான்கு எண்கள் குறிக்க வேண்டும்: தண்ணீரின் வெப்பம், அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன், கலங்கல், நீர்மட்டம். என் வசதிக்குக் காலை பத்து மணிக்குப் போவேன். ஐந்து மாதம் எண்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தன. ஆக்சிஜன் லிட்டருக்கு 8 மில்லிகிராம், சில நாள் 9. கட்டம் போட்டுச் சிவப்பு மையில் சராசரியெல்லாம் எழுதி வைத்தேன்.

பிறகு மூன்று நாள் வானம் மூடிக்கிடந்தது. காற்றும் இல்லை. நான்காம் நாள் விடிவதற்கு முன் தொலைபேசி அடித்தது. போய்ப் பார்த்தால், கெண்டைகள் எல்லாம் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஓரமாக முப்பது மீன்கள் செத்து மிதந்தன, எல்லாம் பெரியவை. யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று கரையில் ஒரே பேச்சு, ஓரிருவர் மேல் சந்தேகமும் எழுந்துவிட்டது. நான் கருவியை இறக்கினேன். 1.6 காட்டியது. கருவி பழுதோ என்று இரண்டாம் முறை இறக்கினேன். அதே 1.6.

சங்கத்தில் விலங்கியல் படித்த பெண் ஒருவர் அங்கேயே நின்று விளக்கினார். பகலில் பாசி வெளிச்சத்தைக் கொண்டு ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அதுவும் மீனோடு போட்டிபோட்டு அதே ஆக்சிஜனைச் செலவழிக்கும். அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் இருப்பு மிகக் குறைவு. வெயில் இல்லாத நாட்களில் பகல் வரவும் குறைந்துபோகிறது. பெரிய மீனுக்குத் தேவை அதிகம் என்பதால் அதுதான் முதலில் விழும். தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் மோசம்: 20 டிகிரியில் நன்னீர் சுமார் 9.1 மில்லிகிராம்வரை தாங்கும், 30 டிகிரியில் 7.5தான்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. சம்பள நாளன்று மட்டும் வங்கி இருப்பைப் பார்த்துவிட்டு 'செல்வந்தன்' என்று எழுதி வைப்பவனைப் போலத்தான் ஐந்து மாதம் இருந்திருக்கிறேன். அன்றும் அடுத்த இரவும் மூன்று பேர் மாற்றி மாற்றிப் பம்பு ஓட்டித் தண்ணீரை மேலே வாரி இறைத்தார்கள். மீதி மீன்கள் பிழைத்தன. சந்தேகப்பட்டவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

இப்போது அளவெடுப்பது காலை ஐந்தரைக்கு. நான் வாரம் ஒரு நாள்தான் எழுகிறேன், இன்னொரு நாளுக்கு ஆள் வேண்டும். தூண்டில்காரர்கள் எப்படியும் அந்த நேரத்துக்கு எழுந்துவிடுகிறீர்களே!

* * *

நான் வந்தது மகளுக்குத் துணையாக. அவளுக்குப் பத்து வயது. ஓடையில் பூச்சி எண்ணும் வேலை. வலையின் வாயை நீர் வரும் திசைக்குக் காட்டிப் பிடித்து, அதற்கு முன்னால் நின்று மூன்று நிமிடம் கூழாங்கற்களைக் காலால் கிளற வேண்டும். வலையில் சேர்வதை வெள்ளைத் தட்டில் கொட்டினால், முதலில் குப்பையாகத் தெரிவது மெல்ல நகரத் தொடங்கும். மூன்று வால் இருந்தால் பெரும்பாலும் மேஃபிளை என்னும் பூச்சியின் இளம்பருவம், இரண்டு வால் என்றால் ஸ்டோன்ஃபிளை. மணலையும் குச்சியையும் ஒட்டி வீடு கட்டிக்கொண்டு அதைச் சுமந்து திரிகிறது காடிஸ் புழு. ஓடையில் கழிவு கலந்தால் இவைதான் முதலில் காணாமல் போகின்றன. முதல் நாள் அவள் 41 எண்ணினாள், எனக்கு 29தான் அகப்பட்டது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்பது அன்றுதான் தெரிந்தது.

* * *

எல்லாரும் நல்ல கதையாக எழுதுகிறீர்கள். நான் ஒரு முறை வந்து ஓடிப்போனவன்.

அது வேறு ஒரு சங்கம். கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று நாற்பது பேரைக் கூட்டினார்கள். குப்பையோடு சேர்த்துக் கரையோரப் புல், கோரை எல்லாவற்றையும் அரிவாளால் வழித்தெடுத்தோம். படத்தில் பார்த்தால் கரை மொட்டையாக, 'சுத்தமாக' இருந்தது. வாரி மேலே போட்ட கோரைக் கட்டைத் தூக்கியபோது கையில் ஏதோ பிசுபிசுத்தது. தண்டு நெடுக, கடுகு அளவு, கண்ணாடி மணிபோல ஒட்டிக்கொண்டிருந்தன. கெண்டை முட்டைகள். சிலவற்றுக்குள் இரண்டு கரும்புள்ளிகள் தெரிந்தன, கண்கள். அள்ளி அள்ளித் தண்ணீரில் போட்டேன். வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தவை என்ன ஆகியிருக்கும்?

முட்டையிடும் பருவத்தில் கரைச்செடியில் கைவைக்கக் கூடாது என்று சொல்ல அன்று ஒருவரும் இல்லை. கேட்டபோது, 'இவ்வளவு பேர் வந்ததே பெரிது' என்றார்கள். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. இங்கே சேர்ந்தபோது நான் கேட்ட முதல் கேள்வியே, எந்த மாதத்தில் எந்த வேலை என்று எழுதி வைத்திருக்கிறீர்களா என்பதுதான். இருந்தது. அதனால்தான் இருக்கிறேன்.

* * *

போட்டி நாளில் மீனை அளந்து உயிரோடு திரும்ப விடுவது என் வேலை. ஒரே ஒரு விஷயம். ரெயின்போ ட்ரவுட் மீன்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 1992இல் வெளியானது. களைக்கும்வரை விரட்டி, தண்ணீரை விட்டு எடுக்காமலே விட்டவற்றில் 12 சதவீதம் செத்தன. அரை நிமிடம் வெளியே வைத்தவற்றில் 38, ஒரு நிமிடம் வைத்தவற்றில் 72. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, மீனைத் தூக்கும்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். எனக்கு முட்டினால் அதற்கும் முட்டும். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், உலர்ந்த கை அதன் வழுவழுப்பை உரித்துவிடும். 'இன்னொரு படம்' என்று கேட்பவர்களிடம் நான் முகம் கொடுப்பதில்லை. கெட்ட பெயர்தான், பரவாயில்லை.

* * *

தொடங்கியவன் மீண்டும் வருகிறேன். கோரை பற்றி எழுதிய நண்பருக்கு நன்றி. வேலை அட்டவணையைச் சங்கத்துக் கதவில் ஒட்டச் சொல்லிவிட்டேன். ஐந்தரை மணிக்கு ஒருவர் முன்வந்திருக்கிறார். வரும் ஞாயிறு நரம்பு பொறுக்குகிறோம், இரண்டு மணி நேரம், செடிகளைத் தொடப்போவதில்லை. நீச்சல் தெரியாதவர்கள் கரையிலேயே நிற்கலாம், அங்கேதான் நரம்பு அதிகம். கையுறை நான்கு ஜோடி கூடுதலாக இருக்கிறது. கத்தரி மட்டும் அவரவர் கொண்டுவாருங்கள், என்னுடையது துருப்பிடித்துவிட்டது.