போலிஷ் வினைச்சொல் படிச்சவங்க, பட்டவங்க எல்லாரும் வாங்க: அனுபவப் பகிர்வு

வ்ரோத்ஸ்வாஃப்வாசி

வணக்கம் மக்களே. போலந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து, "ஜென் தோப்ரி" (வணக்கம்), "ஜென்கூயே" (நன்றி) இரண்டையும் தாண்டி வினைச்சொல்லில் கால் வச்சவங்க நடந்ததைச் சொல்லுங்க. நான் ஆரம்பிச்சு வைக்கிறேன்.

எங்க மாலை வகுப்பில் முதல் வினை "சித்தாச்", அதாவது வாசிப்பது. டீச்சர் போர்டில் ஆறு வடிவம் எழுதினாங்க: சித்தாம், சித்தாஷ், சித்தா, சித்தாமி, சித்தாச்சே, சித்தாயோன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வியட்நாம் பொண்ணு பேனாவை மூடி வச்சிட்டா. அவங்க மொழியில் யார் வாசிச்சாலும் வினை அப்படியேதான் நிற்குமாம். எனக்கு அது வாசிக்கிறேன், வாசிக்கிறாய், வாசிக்கிறோம் வரிசைதான். தன்மை, முன்னிலை, படர்க்கை, ஒருமை, பன்மை எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே கரைச்சுக் குடிச்சதுதானே. "சித்தாம்"னு சொன்னாலே வாசிக்கிறது நான்தான்னு தெரிஞ்சிடும். "யா" (நான்) சேர்க்கத் தேவையில்லை, எல்லா வாக்கியத்திலும் சேர்த்தா அழுத்திச் சொல்ற மாதிரி இருக்கும். நிகழ்காலத்தில் அவன், அவள் பேதமும் கிடையாது. வாசிக்கிறான், வாசிக்கிறாள் இரண்டுக்கும் "சித்தா" ஒன்றே. அந்த வகையில் நம்மதை விட இது சுலபம்.

பாடப்புத்தகத்தில் வினைகளை மூணு நாலு குடும்பமாப் பிரிச்சிருப்பாங்க. அதை அப்படியே நெட்டுருப் போடுறதை விட எனக்கு உதவினது வேற. ஒவ்வொரு வினையிலும் "நான்" வடிவம், "நீ" வடிவம் இரண்டை மட்டும் பிடிச்சுக்கணும். போறதுக்கு "இதே" (போறேன்), "இஜெஷ்" (போறே). அவன் போறான், நாம போறோம், நீங்க போறீங்க மூணும் "நீ" பக்கம் ஒட்டும்: இஜே, இஜெமி, இஜெச்சே. "அவங்க போறாங்க" மட்டும் "நான்" பக்கம் திரும்பி வந்து "இதோன்" ஆகும். "நான்" வடிவம் "ஏ"ல முடியுற வினையெல்லாம் இந்த ஒழுங்கில்தான் ஓடும். ஒழுங்கு மீறுறது சிலதுதான்: "யெஸ்தெம்" (இருக்கிறேன்) தன் வழியில் போகும். "வியெம்" (எனக்குத் தெரியும்), "யெம்" (சாப்பிடறேன்) இரண்டும் "அவங்க"ன்னு வரும்போது "வியெட்ஸோன்", "யெட்ஸோன்"னு முகம் மாத்திக்கும். இந்த மூணையும் நெட்டுருப் போடுறதைத் தவிர வேற வழியில்லை.

லண்டன் கடைக்காரன்

நான் போலந்துப் பக்கம் ஒருநாளும் போகேல்லை. ஆனா கடையிலை நிண்டே கொஞ்சம் பிடிச்சிட்டன். இங்கிலாந்து, வேல்ஸ் 2021 குடிசன மதிப்பிலை ஆங்கிலம், வெல்ஷ் தவிர்த்துப் பாத்தா, முதன்மை மொழியெண்டு கூடச் சனம் எழுதினது போலிஷ்தான், 6 லட்சத்துக்கு மேலை. எங்கடை தெருவிலை அரைவாசி அவைதான்.

காலமை வெள்ளெனக் கட்டட வேலைக்குப் போற ஆக்கள் தூசி பிடிச்ச சப்பாத்தோடை வருவினம். "யெஸ்த் ஹ்லெப்?" பாண் இருக்கோ? இருந்தா "யெஸ்த்." "ஸோன் ஒகூர்கி?" ஊறுகாய் போட்ட வெள்ளரிக்காய் இருக்கோ? கன காய் எண்டபடியாப் பன்மை, மறுமொழி "ஸோன்." இல்லாட்டி இரண்டுக்கும் ஒரே சொல்லு: "நியெ மா." எங்கடை "இல்லை" மாதிரி ஒருமை பன்மை ஒண்டும் பாக்காது. அதுக்குப் பதிலா சாமானின்ரை பேர்தான் மாறும்: நியெ மா ஹ்லெபா, நியெ மா ஒகூர்கூஃப். நேற்று இருக்கேல்லை எண்டா "நியெ பிவோ", நாளைக்கு வரும் எண்டா "பெஞ்ஜே யூத்ரோ". ஒரு கடை நடத்த இது காணும்.

ஒரு வயசான அம்மா வந்து "மாச்சே கெஃபீர்?" எண்டு கேப்பா. கெஃபீர் எண்டுறது புளிக்க வைச்ச பால், அது வைச்சிருக்கிறியளோ எண்டு அர்த்தம். நான் "மாமி" எண்டுவன், வைச்சிருக்கிறம். முதல் தரம் கேட்ட மனிசி பின்னாலை இருந்து எட்டிப் பாத்து "எந்த மாமி வந்திருக்கிறா?" எண்டா. "மாம்" எண்டா என்னட்டை இருக்கு, "மாமி" எண்டா எங்களிட்டை இருக்கு. இப்ப அவவும் சொல்லுவா.

லூப்லின் மருத்துவ மாணவி

அண்ணா, உங்க கடையில் "மாச்சே"ன்னு கேட்கிறது கடையில் இருக்கிற எல்லாரையும் சேர்த்துக் கேட்கிறது, அது சரிதான். ஆனா தனி ஒருத்தரைப் பார்த்து மரியாதைக்கு அப்படிச் சொல்லக் கூடாது. இதைப் புதுசா வர்றவங்களுக்குத் தனியாச் சொல்லணும், ஏன்னா தமிழ்க்காரங்க நேரா அங்கதான் போவோம். நமக்கு மரியாதைன்னா பன்மை, "நீங்க". அதே கணக்கில் "வி மாச்சே"ன்னா, கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் கட்சிக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்ட வாசனை அதில் இருக்கு. இங்க மரியாதை வேற வழியில் வருது. ஆணுக்கு "பான்", பெண்ணுக்கு "பானி" போட்டு வினையைப் படர்க்கை ஒருமையில் வைக்கணும். "மா பான் கார்தே?" ஐயா கார்டு வச்சிருக்காரா? ஐயா முன்னாடியேதான் நிற்கிறாரு, ஆனா பேச்சு அவரைப் பத்திப் பேசற மாதிரி. ஆஸ்பத்திரியில் எங்களுக்கு இதுதான் நாள் முழுக்க.

இன்னொண்ணு. வார்டில் முதலில் தேவைப்படற வினை "போலெச்", வலிக்கிறது. "போலி ம்னியெ க்வோவா", என் தலை வலிக்குது. "போலோன் ம்னியெ நோகி", என் கால்கள் வலிக்குது. வினை நோயாளியோட சேராது, வலிக்கிற உறுப்போட சேரும். ஆங்கிலம் வழியாப் படிச்ச பசங்க இதில் திணறுவாங்க. நமக்கு வலிக்கிறது தலைதானே, நாமளா வலிக்கிறோம்? "போதோபா மி ஷே" (எனக்குப் பிடிச்சிருக்கு), "ஸ்மாகூயே மி" (எனக்கு ருசிக்குது), "ஜிம்னோ மி" (எனக்குக் குளிருது) எல்லாத்திலும் அந்த "மி" நம்ம "எனக்கு"வேதான்.

எலும்பு முறிஞ்சு வந்திருந்த ஒரு பாட்டிகிட்ட சீனியர் டாக்டர் "க்ஜே பானியோன் போலி?"ன்னு கேட்டாரு, எங்க வலிக்குதுன்னு. பாட்டி "போலி, போலி, ஃப்ஷிஸ்த்கோ போலி"ன்னாங்க, எல்லாமே வலிக்குது. ஃபைலில் என்ன எழுதறதுன்னு டாக்டர் பேனாவோட நின்னாரு.

வினை மாத்தத் தெரியாத காலத்துக்கு ஒரு குறுக்குவழி: "ப்ரோஷே" போட்டு வினையின் மூல வடிவத்தை அப்படியே வைங்க. ப்ரோஷே உஷோன்ஷ்ச் (உட்காருங்க), ப்ரோஷே போச்செகாச் (காத்திருங்க), ப்ரோஷே ஒத்திஹாச் (மூச்சு விடுங்க). மரியாதையும் ஆச்சு, விகுதி பத்தின பயமும் இல்லை.

வார்சா ஐடி

நான் ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன். "ஜென்கூயே"ன்னு இறங்கின நாளிலிருந்து சொல்றீங்களே, அது நன்றி மட்டும் இல்லை, முழு வினைமுற்று: நன்றி சொல்றேன். மூலம் "ஜென்கோவாச்". கடைசியில் "ஓவாச்" வர்ற வினையில் அதை எடுத்துட்டு "ஊயே" போடுங்க. வேலை செய்யறேன் ப்ராத்ஸூயே, வாங்கறேன் குபூயே, சமைக்கிறேன் கோத்தூயே, தேவைப்படுது போத்ஷெபூயே. இப்படி நூத்துக்கணக்கில் இருக்கு.

வெளியிலிருந்து வர்ற புது வினையெல்லாம் பெரும்பாலும் இந்தக் கதவு வழியாத்தான் உள்ளே நுழையுது. பார்க் பண்றது பார்கோவாச், இன்ஸ்டால் பண்றது இன்ஸ்தலோவாச். எங்க டீமில் காலை மீட்டிங்கில் ஒரு போலிஷ்காரர் இன்னொருத்தரைப் பார்த்து "ஸ்மெர்கோவாவெஷ்?"னு கேட்டாரு. மெர்ஜ் பண்ணிட்டியான்னு, அதாவது எழுதின கோடை எல்லாரோட கோடோட சேர்த்துட்டியான்னு! வந்த பதில் "மெர்கூயே", பண்ணிட்டே இருக்கேன். நாம "மெர்ஜ் பண்ணிட்டேன்"னு "பண்ணு"வை ஒட்டற அதே வேலையை இவங்க "ஓவாச்"சை ஒட்டிச் செய்யறாங்க. அன்னைக்குத்தான் இந்த மொழி மேல எனக்கு ஒரு ஒட்டுதல் வந்தது.

கிராக்கோவ்காரி

எங்க வீட்டுக்காரர் கதை. அவர் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறார். கூட பியரோகி (கொழுக்கட்டை மாதிரி போலிஷ் பலகாரம்) பிடிக்கிற நாலு பேரும் அம்பது வயசு தாண்டின பெண்கள். வகுப்புக்கெல்லாம் போகலை, மாவு பிசையும்போது காதில் விழுந்ததே பாடம். போலிஷில் நல்லாவே ஓட்டமாப் பேசுவார்.

ஒருநாள் பக்கத்து வீட்டுத் தாத்தா மாடிப்படியில் நிறுத்தி, ஞாயித்துக்கிழமை எங்கே போயிருந்தீங்கன்னு கேட்டாரு. இவர் "பிவாம் வ் கோஷ்செலே"ன்னாரு, சர்ச்சில் இருந்தேன்னு. தாத்தா என்னைப் பார்த்தாரு, அவரைப் பார்த்தாரு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. ஏன்னா இறந்தகாலத்தில் "நான்"க்கே ஆண், பெண் உண்டு. ஆண் சொன்னா "பிவெம்", பெண் சொன்னா "பிவாம்". செய்தேன் "ஸ்ரோபிவெம்", "ஸ்ரோபிவாம்". இவர் ஆறடி மீசைக்காரர், பேச்சு மட்டும் பியரோகி அக்கா மாதிரி. போலிஷ் காதலியிடம் மொழி படிக்கிற ஆம்பளைங்களுக்கும் இது நடக்குமாம், இங்க அது பழகின கேலி. நமக்கு வந்தான், வந்தாள்னு படர்க்கையோட பேதம் முடிஞ்சிடும். இங்க தன்மை, முன்னிலை வரைக்கும் துரத்தும்.

பன்மையில் இன்னும் கூத்து. "இருந்தாங்க"ன்னு சொல்ல, கூட்டத்தில் ஆண்கள் இருந்தா "பிலி", பெண்கள் மட்டும்னா "பிவி". பத்துப் பெண்களுக்கு நடுவில் ஒரு ஆம்பளை வந்து நின்னா மறுபடி "பிலி". நாற்காலி, பூனை, குழந்தைகள் எல்லாம் பெண்களோட சேர்ந்து "பிவி"தான். நம்ம இலக்கணத்தில் மனுஷப் பிறவின்னா உயர்திணை. இவங்க உயர்திணைக்குள்ள நுழையக் குறைஞ்சது ஒரு ஆம்பளையாவது வேணும்! டீச்சர்கிட்டச் சொன்னேன். சிரிச்சிட்டு, அதை நான் கண்டுபிடிக்கலைம்மான்னாங்க.

போஸ்னான் குடித்தனக்காரர்

எல்லாரும் விகுதியிலேயே நிற்கிறீங்க. உண்மையான மலை அதுக்கு அந்தப் பக்கம். பெரும்பாலான வினைகளுக்கு ஜோடி உண்டு. "ரோபிச்" செய்துகிட்டு இருக்கிறது, "ஸ்ரோபிச்" செய்து முடிக்கிறது. "பிசாச்" எழுதிட்டிருக்கிறது, "நாபிசாச்" எழுதி முடிக்கிறது. புத்தகத்தில் இதைப் படிச்சப்ப ஒண்ணும் விளங்கலை. விளக்கினது ஒரு பிளம்பர்.

குளியலறையில் குழாய் ஒழுகிச்சு. ஃபோன் பண்ணும்போதெல்லாம் "ரோபியே, ரோபியே"ம்பார். செய்யறேன், செய்யறேன். அடுத்த தடவை "பெந்தே ரோபிச்", செய்துகிட்டிருப்பேன். வாளி நிறைஞ்சுகிட்டே இருந்தது. வீட்டுக்காரம்மா ஃபோனை வாங்கி, அவர் "ஸ்ரோபியே"ன்னு சொல்ற வரைக்கும் விடாதீங்கன்னாங்க. செய்து முடிச்சிடறேன். முடிவைக் குறிக்கிற வினைக்கு நிகழ்காலமே கிடையாது, நிகழ்கால விகுதியைப் போட்டா எதிர்காலம் ஆகிடும். "ஸ்ரோபியே"ன்னு வாயில் வந்துட்டா அது வாக்கு. சொல்லிட்டார், மறுநாள் காலையில் வந்தும் நின்னார்.

நம்ம "விடு" இருக்கே, செய்தேன், செய்துவிட்டேன், அதுதான் கிட்டத்தட்ட இந்த "ஸ்", "நா" எல்லாம். அதுவும் எல்லா இடத்திலும் ஒத்து வராது. சில ஜோடிகளுக்கு உருவ ஒற்றுமையே இல்லை: பேசறது மூவிச், சொல்லிடறது போவியெஜெச். எடுக்கிறது ப்ராச், எடுத்துடறது வ்ஜோன்ச். இதையெல்லாம் ஜோடியாவே எழுதி வைங்க. தனித்தனியாப் படிச்சா பின்னால சேர்த்து வைக்கிறது பெரும்பாடு.

லூப்லின் மருத்துவ மாணவி

பிளம்பர் பாடம் வார்டுக்கும் பொருந்துது. மாத்திரை போடறீங்களான்னு கேட்டா "பியோரே" (எடுத்துக்கிறேன்) வேற, "வ்ஜியோவெம்" (எடுத்துட்டேன்) வேற. இன்னைக்குப் போட்டாச்சான்னு தெரியணும்னா இரண்டாவதைக் காதில் வாங்கணும்.

வ்ரோத்ஸ்வாஃப்வாசி

போறதைப் பத்தி யாருமே வாய் திறக்கலையே? நடந்து போறேன் "இதே", வண்டியில் போறேன் "யாதே". வழக்கமா நடந்து போறேன் "ஹோட்ஸே", வழக்கமா வண்டியில் போறேன் "யெஷ்ஜே". நமக்கு எல்லாம் போறேன்தான். ஆபீசில் ஒருத்தர் "யாதே தோ இந்தீ"ன்னா டிக்கெட் போட்டாச்சு, இந்தியா கிளம்பறார். "யெஷ்ஜே தோ இந்தீ"ன்னா அடிக்கடி போய் வர்ற ஆள்.

இதிலே போலிஷ்காரங்களே தடுக்கி விழுவாங்கங்கறது ஒரு ஆறுதல். ஆண் "போனேன்"னு சொல்ல "போஷெத்வெம்"தான் சரி. நிறையப் பேர் "போஷ்வெம்"னு சுருக்கிடுவாங்க, பள்ளிக்கூடத்தில் அதுக்குக் குட்டு விழும். அதுக்கு இங்க ஒரு பழைய ஜோக்: பக்கத்து இடத்துக்குப் போனா "போஷ்வெம்", தூரமாப் போனா "போஷெத்வெம்"! அதே மாதிரி "புரியுது அவங்களுக்கு" என்பதை "ரோஸூமியேயோன்"னு சொல்லாம "ரோஸூமியோன்"னு சொல்ற உள்ளூர்க்காரங்களும் உண்டு.

கிராக்கோவ்காரி

நீண்டகால வசிப்பு அனுமதிக்கோ குடியுரிமைக்கோ பி1 (நடுத்தர மொழித் தேர்ச்சி நிலை) சான்றிதழ் வாங்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. அரசுத் தேர்வில் கேட்டல், வாசித்தல், இலக்கணம், எழுத்து, பேச்சு ஐந்து பகுதி. ஒவ்வொன்றிலும் தனித்தனியா 50 சதவீதம் வேணும். பேச்சில் வாங்கின மார்க் இலக்கணத்தைக் காப்பாத்தாது. எங்க வீட்டுக்காரர் இப்ப அதுக்குத்தான் தயாராகிறார். பேச்சைப் பத்திக் கவலையே இல்லை அவருக்கு.

இப்போதைக்கு அவர் மல்லுக்கட்டறது நம்ம "தெரியும்"கூட. தகவல் தெரிஞ்சா "வியெம்". ஆளையோ ஊரையோ தெரிஞ்சா "ஸ்னாம்". நீச்சல், சமையல் மாதிரி செய்யத் தெரிஞ்சா "உமியெம்". நேத்து சாப்பாட்டு மேஜையில் அவரை உட்கார வச்சு நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் மூணில் ஒண்ணைச் சொல்லணும். மணி தெரியும், வியெம். மேரியை எனக்குத் தெரியும், ஸ்னாம். தோசை சுடத் தெரியும்னேன். "நியெ உமியெம்"னுட்டு எழுந்து போய்ட்டார்.